நான் கழற்றிய பேட்டரி

தங்கராசு கீபோர்டின் இடது ஓரத்திலிருந்து விரல்களால் எண்ணிக்கொண்டே வந்து, நாலாவது வரிசையில் மூன்றாவது பட்டனை அழுத்தினார். பிறகு இரண்டு கட்டைகளைத் தட்டினார்.

'டிங், டிங்' என்று மணிச் சத்தம் வந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. கையை எடுத்துவிட்டு மறுபடியும் ஓரத்திலிருந்து எண்ணினார். இந்த முறை மெதுவாக. அதே பட்டன்தான். அதே மணிதான்.

"ஏனுங்க்கா, இங்க பம்பை இருக்கோணுமுங்களே?"

திருச்செங்கோட்டில் என் கடை. கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர், சுருதிப் பெட்டி எது பழுதானாலும் சுற்றுவட்டாரத்தில் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் புகையும் என் சால்டரிங் புகையும் சேர்ந்து கடைக்குள் நின்றன.

தங்கராசு அடுத்த பட்டனுக்குப் போனார். நாதஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில் பியானோ. உறுமி இருந்த இடத்தில் வயலின். ஒன்று விடாமல் கடைசி வரை அழுத்திப் பார்த்தார். நாற்பத்தெட்டு சத்தங்கள். பல வருஷமாக அவரே உட்கார்ந்து உருவாக்கியவை. ஒன்றுகூட இல்லை.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இரண்டு நாள் முன்னால் நான் செய்த காரியம் கண்முன் வந்து நின்றது.

"கரண்ட் விட்டு விட்டு வந்துச்சில்லீங்களா, அதுல மெமரி போயிருக்கும் போலிருக்குங்க," என்றேன்.

பொய். வாய் கூசாமல் சொன்னேன். இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களை வாரம் தவறாமல் திட்டியிருக்கிறேன். இந்த வாரம் என்னைத் திட்டிக்கொள்ளப் போகிறேன்.

கண்ணாடியில் என்னத்தைத் தேடுவது?

தங்கராசு பள்ளிபாளையத்துக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. நோம்பி என்று நாங்கள் சொல்லும் மாரியம்மன் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே மேடை போட்டாலும் கீபோர்டு வாசிக்க அவரைக் கூப்பிடுவார்கள். மனைவி மல்லிகா தறி ஓட்டுகிறவர். இந்தக் கீபோர்டு ஈரோட்டில் ஒரு கச்சேரிக்காரர் புதுசு வாங்கியபோது கழித்துவிட்டது. தங்கராசு கைக்கு வந்த பிறகுதான் அதற்கு நல்ல காலம் பிறந்தது.

அந்த மாடலில் வெளிநாட்டு வாத்தியங்கள்தான் இருக்கும். நம்ம நோம்பிக்கு அது எதற்கு ஆகும்? தங்கராசு அதிலிருந்து ஒரு கொட்டுச் சத்தத்தை எடுத்து, சுருதியை இறக்கி, வாலை நறுக்கி, மேலே இன்னொன்றைக் கலந்து பம்பை செய்தார். இரண்டு ஊதுகுழல்களைப் பிசைந்து நாதஸ்வரம் செய்தார். உறுமிக்கு மட்டும் ஒரு வருஷம் ஆனது என்பார்.

இதற்கெல்லாம் திரையில் எண்களை மாற்ற வேண்டும். திரையைப் பார்க்க மல்லிகா வேண்டும். தறியிலிருந்து வந்து, தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு உட்கார்ந்து, இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிப்பாராம். "ஏ, டீ, டீ... அறுபத்தி நாலு." அது எதைக் குறிக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஏத்து, எறக்கு என்று இவர் சொல்லச் சொல்ல அவர் அழுத்துவார். காதுக்குச் சரியென்று பட்டால் சேமித்துவிடுவார்கள். எண்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பம்பை சாதாரணப் பம்பை இல்லை. சேந்தமங்கலம் பக்கம் ஒரு கோயிலில் அதைக் கேட்டு ஒரு அம்மாளுக்குச் சாமியே வந்துவிட்டது. நிஜப் பம்பைக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம். திரும்பி வந்தவர்கள், "மிசினுக்கெல்லாமாய்யா சாமி வரும்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்களாம். மல்லிகா இதைச் சொல்லும்போது சிரிப்பில் பாதி வார்த்தை விழுங்கிவிடுவார்.

சேமித்ததைப் பிரதி எடுத்து வைப்பதற்காக அந்தக் கீபோர்டின் ஓரத்தில் ஃபிளாப்பி போடும் பகுதி ஒன்று உண்டு. அது கெட்டு வெகுநாள் ஆகிவிட்டது. கம்பெனியில் கேட்டதற்கு, அந்தப் பாகம் வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஆக, நாற்பத்தெட்டும் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

புதுசு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். அவரை ஒரு ஷோரூமுக்குக் கூட்டிப்போய்ப் புது மாடலைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். பட்டன்களே கிடையாது. எல்லாமே தொடுதிரை.

"ஒரே வழவழன்னு இருக்குதுங்க. கண்ணாடியில என்னத்தைங்க தேடறது?" என்றார் என்னிடம்.

அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"யூஸர் திறக்கக் கூடாது மேடம்"

அவர் என்னிடம் கொண்டுவந்தபோது இருந்த கோளாறு வேறு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு தானாக அணையும், தானாக எரியும். பள்ளிபாளையத்தில் நோம்பி தொடங்குகிற பூச்சாட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. நோம்பியின் எல்லா நாளும் மேடையில் அவர்தான்.

திறந்து பார்த்தேன். கரண்ட் வந்து சேரும் இடத்தில், மூன்று கால் வைத்த ஒரு சின்னப் பாகத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அதன் மேல் கம்பெனி தன் சொந்த நம்பரை அச்சடித்திருந்தது. கடையில் அதற்கு என்ன பேர் சொல்லிக் கேட்பது என்று தெரிய வேண்டும். அது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது.

"மேடம், சர்வீஸ் மேனுவல் எங்க ஆத்தரைஸ்டு சென்டருக்கு மட்டும்தான்."

"செரிங்க, அந்த சென்டர்லயே குடுத்தா ரிப்பேர் பண்ணுவாங்களா?"

"அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு மேடம்."

"அவங்களும் பாக்க மாட்டாங்க, எனக்கும் புஸ்தகம் குடுக்க மாட்டீங்க. அப்ப அதை யாருக்குத்தானுங்க பூட்டி வெச்சிருக்கீங்க?"

"எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு மேடம்."

"என்னைய உடுங்க. பொருளுக்குச் சொந்தக்காரரு பேருக்காவது அனுப்புங்க."

"யூஸர் திறக்கக் கூடாது மேடம். சேஃப்டி."

"அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. ஆஃபர்ல அதையும் மாத்திக் குடுப்பீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற பெண், பாவம், அது என்ன செய்யும்? ஆனால் எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பது யாரென்று பார்க்கிற பழக்கம் இல்லை. போனை வைத்துவிட்டு, "அடக் கெரகமே!" என்று மேஜையைத் தட்டியதில் ஸ்க்ரூ டப்பா கவிழ்ந்து, பாதி நாள் அதைப் பொறுக்குவதிலேயே போனது.

லாரி கேபினில் ஒரு புத்தகம்

என் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. டிப்ளமா முடித்ததும் நான் சேர்ந்தது ரிக் லாரிப் பட்டறையில். ரிக் என்றால் போர்வெல் போடும் வண்டி. அதற்கு எலக்ட்ரிக் பேனல் கட்டுவது என் வேலை. இன்றைக்கும் பாதிப் பேர் என்னைப் 'பேனல் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ரிக்கில் பூட்டும் கம்ப்ரஸரோடு தடிமனாக ஒரு புத்தகம் வரும். ஒவ்வொரு நட்டுக்கும் படம், ஒவ்வொரு படத்துக்கும் நம்பர். லாரிக்காரர்கள் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கேபினில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள். கிரீஸ் கையோடு புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் கறுத்திருக்கும்.

எங்கேயோ மத்தியப் பிரதேசத்துக் காட்டில் வண்டி நின்றுவிடும். டிரைவர் பட்டறைக்குப் போன் போட்டு, "அக்கா, நாப்பதாம் பக்கம், பதினேழாம் நம்பரு," என்பார். நாங்கள் இங்கிருந்து பார்சல் லாரியில் ஏற்றிவிடுவோம். ஏழாவது தாண்டாத மனிதர் அந்தக் காட்டுக்குள் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து வெளிநாட்டுக் கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டி ஓட்டிவிடுவார். எங்கள் ஊர் வண்டிகள் தேசம் முழுக்க ஓடியது இப்படித்தான்.

பாறையைக் குடைகிற மிஷினுக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள். பாட்டு வாசிக்கிற மிஷினுக்குக் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்? இதை நான் கேட்காத ஆள் இல்லை. பதில் சொன்னவர்தான் யாரும் இல்லை.

அதே பட்டறையில் இன்னொரு பழக்கமும் என் கையில் ஏறியது. வண்டியில் எந்த வேலையாக இருந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் வெல்டிங் வைத்து, நான் ஒரு மாதம் கட்டிய பேனல் என் கண்ணெதிரே புகைந்து போயிருக்கிறது. அங்கே காலையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால், "டீ குடிச்சாச்சா?" என்பதற்கு முன்னால், "பேட்டரி கழட்டியாச்சா?" என்றுதான் கேட்போம். இப்போதும் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணியைத் திருப்பி வைப்பதற்குக்கூட நான் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் முள்ளைத் தொடுவேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

தங்கராசுவின் கீபோர்டைப் பிரித்து வைத்து, சால்டரிங் கம்பியைச் சூடேற்றினேன். உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி தெரிந்தது. கம்ப்யூட்டரில் தேதி காட்டுவதற்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடத் தப்பு. நினைப்பதற்கு முன்னாலேயே கை போய்க் கழற்றிவிட்டது.

அதுவரை நான் பார்த்த கீபோர்டுகளில் சேமித்தது பேட்டரி இல்லாமலே நிற்கும். இந்த மாடலில் அப்படி இல்லை. கரண்டே இல்லாதபோதும் தங்கராசுவின் நாற்பத்தெட்டு சத்தங்களையும் பிடித்து வைத்திருந்தது அந்தக் காசளவு பேட்டரிதான். அதை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, நான் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தேன். பேனல் சாமான்களுக்குள் தேடி, அளந்து பார்த்து, பொருத்தமாக இருந்த ஒரு மூன்று கால் பாகத்தை எடுத்துப் பற்றவைத்தேன். பிறகு பேட்டரியைப் போட்டு மூடினேன்.

கீபோர்டு அணையாமல் நின்று எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் புத்தகம் இல்லாமலே சரிபண்ணிவிட்டேன் பார் என்று கம்பெனிக்காரர்களை மனசுக்குள் ஒரு பாட்டம் வைதேன்.

"எங்கையாலயே கெடுத்துப்போட்டேன்"

நான் பொய் சொல்லி முடித்ததும் தங்கராசு கீபோர்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான்தானுங்க கெடுத்துப்போட்டேன். ஆஃப் ஆவ ஆவ, உடாம ஆன் பண்ணிப் பண்ணிப் பாத்தனுங்க. மல்லிகா வேண்டாம்னு சொன்னா. நான்தான் கேக்குல."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லீங்க தங்கராசு, அது நான் பண்ணினது என்று ஒரே வரி. விழுங்கிவிட்டேன்.

பயம்தான், வேறென்ன? பேனல் அக்கா தொட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பேர் இருந்தது. பொம்பளை நடத்துகிற ரிப்பேர் கடை. ஆம்பளை பத்து தப்புப் பண்ணினால் அது தொழிலில் சகஜம். நான் ஒன்று பண்ணினால், "அதான், பொம்பளைகிட்டக் குடுத்தா அப்படித்தான்," என்பார்கள். இதையெல்லாம் அந்த அரை நிமிஷத்தில் யோசித்தேன். எதிரில் நின்றவர் மூஞ்சியை மட்டும் யோசிக்கவில்லை.

தங்கராசுதான் முதலில் தேறினார்.

"ஏனுங்க்கா, எப்படியாச்சும் அந்தப் புஸ்தகம் கிடைக்குமுங்களா? அந்த எழுத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்னு தெரிஞ்சா வெசையாக் கட்டிப்போடலாமுங்க. நோம்பிக்குள்ள பம்பை மட்டுமாச்சும் வந்துருமுங்க."

கண்டிப்பாகத் தேடித் தருகிறேன் என்று சொன்னேன். அந்தப் புத்தகத்தில் பேட்டரியைப் பற்றியும் இருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும். தேடாமல் விட்டால் அவருக்குப் பம்பை வராது. தேடிக் கொடுத்தால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

தேடினேன். ரிப்பேர்காரர்கள் வாட்ஸப் குழுக்களில் எல்லாம் கேட்டேன். கிடைக்காவிட்டால் தேவலை என்று ஒரு மனசு, கிடைத்துவிட வேண்டும் என்று ஒரு மனசு. இதற்கு நடுவில் மல்லிகா போன் பண்ணினார்.

"அக்கா, அவரு சோறே சரியா உங்கறதில்லீங்க. எங்கையாலயே கெடுத்துப்போட்டேன்னு சொல்லிச் சொல்லி, அந்தக் கையவே தடவிட்டு உக்காந்திருக்காருங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க்கா. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"விடு சாமி, செரியாயிரும்," என்றேன். அதைத்தான் சொன்னேன்.

கட்டத்துக்குள் இரண்டு வரி

பத்தாவது நாள் மலேசியாவில் இருக்கும் ஒரு தமிழர், என்னைப் போல ரிப்பேர் கடைக்காரர், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை வாட்ஸப்பில் அனுப்பினார். முகம் தெரியாத மனிதர். 'வெச்சுக்குங்கம்மா' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எல்லாப் பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். காகிதம் இன்னும் சூடாக இருந்தது.

எல்லாமே இருந்தது. அந்த மூன்று கால் பாகம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற சாதாரணச் சாமான்தான் என்று பேரோடு போட்டிருந்தது. மல்லிகா படித்த ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் விளக்கம் இருந்தது. ஒரு பக்கத்தில், கட்டம் கட்டி, இரண்டு வரி இருந்தது.

'இந்தப் பேட்டரியைக் கழற்றும் முன் சேமித்தவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளவும். கழற்றினால் உபயோகிப்பவர் சேமித்தவை யாவும் அழியும்.'

இந்த ஒரு தாள் அன்றைக்கு என் மேஜை மேல் கிடந்திருந்தால் என் கை நின்றிருக்கும். கம்பெனியை உட்கார்ந்த இடத்திலேயே வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து மிக்ஸி கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திட்டி ஓய்ந்த பிறகும், கழற்றியது நான்தான் என்பது மாறவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாளை மட்டும் உருவி மேஜை டிராயருக்குள் வைத்தேன். அவருக்கு வேண்டியது சத்தம் கட்டும் பக்கங்கள்தானே, இது எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். தாள் கட்டைத் தங்கராசு கையில் கொடுத்தேன். எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு.

"இத்தனையுமா நம்ம மிசினப் பத்தி? மொதல் தாளுல இருந்து படிங்க்கா. ஒண்ணையும் உடாதீங்க. எம்பட மிசினை நான் முழுசாத் தெரிஞ்சுக்கோணும்."

படிக்க ஆரம்பித்தேன். இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும், "அப்படிங்களா!" என்று தலையாட்டினார். மல்லிகா ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். உருவி வைத்த தாளின் இடம் வந்தது. அதைத் தாண்டி அடுத்த தாளைப் புரட்டிவிட்டேன். முதல் வரியைப் படிக்க வாயைத் திறந்தேன்.

தங்கராசு அடுத்தது என்ன என்று காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். கட்டத்துக்குள் இருந்த இரண்டு வரியையும் படித்தேன். தமிழில் சொன்னேன்.

"இன்னொருக்காப் படிங்க," என்றார்.

படித்தேன்.

"பேட்டரியை யாருங்க கழட்டுனது?"

"நான்தானுங்க. சால்டரிங் வைக்கறதுக்கு முந்தி கழட்டிப்போட்டேன். லாரிப் பட்டறைப் பழக்கம். மெமரிக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சப்புறமும் உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுப்போட்டேன்."

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப, நான் ஆன் பண்ணிப் பண்ணிப் பாத்ததுல போவுலீங்களா?"

"இல்லீங்க தங்கராசு. நீங்க ஒண்ணுமே பண்ணுல."

"நான் பண்ணுல மல்லிகா," என்றார், மனைவி இருந்த பக்கம் திரும்பி. "கேட்டியா? நான் பண்ணுல." குரல் உடைந்துவிட்டது. வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மல்லிகா நோட்டை மூடினார்.

"ஏனுங்க்கா, கழட்டுனதுக்குக்கூட எனக்குக் கோவமில்லீங்க. தெரியாம நடந்துபோச்சு. இந்த மனுசன் சோறு உங்காமக் கெடக்கறாருன்னு உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னனுங்களே. கேட்டுட்டுத்தானுங்களே இருந்தீங்க?"

தாள் கட்டை எடுத்துக்கொண்டு, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு மல்லிகா இறங்கிப் போய்விட்டார். வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்து அழுதேன்.

பதினொன்று

மூன்றாம் நாள் காலை பஸ்ஸிலிருந்து இருவரும் இறங்கினார்கள். சமுக்காளத்தில் சுற்றிய கீபோர்டைத் தங்கராசு தோளில் வைத்திருந்தார், தாள் கட்டு மல்லிகா கையில் இருந்தது.

"நோம்பி நமக்காக நிக்காதுங்க. படிங்க," என்றார். சிரிப்பு இல்லை. மல்லிகா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தறிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நான் மேனுவலைப் படித்தேன். மல்லிகா பட்டனை அழுத்தினார். தங்கராசு கேட்டார். முன்னே இருட்டில் துழாவிக் கட்டியதை இப்போது எது சத்தத்தின் தலை, எது வால் என்று தெரிந்து கட்டினோம். இரண்டாம் நாள் மத்தியானம் பம்பை வந்தது. தங்கராசு ஒரு தாளம் கொட்டிப் பார்த்தார். பக்கத்து மிக்ஸி கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"பழைய பம்பை இல்லீங்க. அதோட தம்பின்னு வேணா வெச்சுக்கலாம்," என்றார் தங்கராசு. மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்தது. நான் இருப்பது நினைவு வந்ததும் அடக்கிக்கொண்டார்.

நாலு நாளில் பதினொரு சத்தங்கள் கட்டினோம். நாதஸ்வரம் சுமாராக வந்தது. உறுமி வரவே இல்லை. மிச்சம் முப்பத்தேழில் சிலது இனிமேல் வராது என்று அவரே சொன்னார். எப்படிச் செய்தோம் என்று அவருக்கே நினைவில்லை.

மேனுவலில் ஃபிளாப்பி ஒயர்களின் விவரமும் இருந்தது. ஃபிளாப்பி இருந்த இடத்தில் பென் டிரைவ் போடுகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி விற்கிறது. ஆர்டர் போட்டிருந்தேன். அது பூச்சாட்டுக்கு முந்தின நாள்தான் பார்சலில் வந்தது. கீபோர்டைத் திறந்து மாட்டினேன். பேட்டரி இருந்த பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. பதினொரு சத்தமும் பென் டிரைவில் ஏறியது. மல்லிகா அதை வாங்கி வீட்டுச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டார்.

மூடியைப் போடப் போனேன்.

"இருங்க்கா," என்றார் தங்கராசு. "அந்த ரெண்டு வரியத் தமிழ்ல எழுதி உள்ளார ஒட்டுங்க. நாளைக்கு யாரு தெறந்தாலும் கண்ணுல படோணும்."

சரியான யோசனைதான். மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். அவர் கையை உள்ளே விட்டு, தாளின் நாலு ஓரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

படித்தேன்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

"யாரு கழட்டி அழிஞ்சுதுன்னு எழுதுலீங்களா?"

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். கிண்டல் இல்லை. மல்லிகா அத்தனை நாளில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"பேரோட எழுதுங்க," என்றார் தங்கராசு. "வெறும் எச்சரிக்கைன்னா நம்மாளுங்க படிச்சுப்போட்டுக் கழட்டத்தான் செய்வாங்க. இன்னாரு கழட்டி இப்படி ஆச்சுன்னு இருந்தாத்தான் கைய எடுப்பாங்க."

பேனாவை மறுபடியும் திறந்தேன். மிச்சம் இருந்த இடம் கொஞ்சம்தான், எழுத்துக் கோணிக்கொண்டு போனது. 'இதைக் கழற்றி நாற்பத்தெட்டு சத்தங்களை அழித்தது நான். சாந்தாமணி, திருச்செங்கோடு.'

"படிங்க."

படித்தேன். என் பேர் வரைக்கும், ஊர் வரைக்கும்.

"செரிங்க்கா," என்றார் தங்கராசு. "இப்ப மூடுங்க."